பழைய மீன்தொட்டி ஃபில்டர் வாங்கப் போறீங்களா? முதலில் மீன்களைப் பற்றிக் கேளுங்கள்

"ஒரு மாசம்தான் ஓடிச்சு, புதுசு மாதிரி இருக்கு, உடனே எடுத்துக்கிட்டா விலை குறைச்சுத் தர்றேன்." திருப்பதியிலோ சித்தூரிலோ இருந்துகொண்டு, பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில் 'அக்வேரியம்' என்று தேடினால் இந்த மாதிரி வரிகள்தான் கண்ணில் படும். படத்தில் ஒரு காலிக் கண்ணாடித் தொட்டி, அடியில் காய்ந்த கூழாங்கல், ஓரத்தில் ஒரு ஃபில்டர். மீன் மட்டும் இருக்காது.

ஃபில்டரின் விலை, வாட், பிராண்ட் எல்லாவற்றையும் விசாரிக்கும் நாம் அந்த மீன் எங்கே போச்சு என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

வேலை மாறி பெங்களூருக்கோ சென்னைக்கோ போகிறவர்கள், படிப்பு முடிந்து அறையைக் காலி செய்பவர்கள், சின்னத் தொட்டியிலிருந்து பெரிய தொட்டிக்கு மாறுபவர்கள் ஆகியோரிடம் நல்ல சாமான் கிடைக்கும். புதிதாக வாங்கினால் கைக்கு எட்டாத கேனிஸ்டர் ஃபில்டர்கூட இவர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கலாம். ஆனால் மனசு விட்டுப்போய் விற்பவர்களும் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாக மீன் செத்து, கடைசியில் தொட்டியைக் கழுவி மாடியில் போட்டவர்கள். அவர்கள் விற்கும் ஃபில்டரோடு மீன் செத்த காரணமும் சேர்ந்து உங்கள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

நீங்கள் வாங்குவது இரண்டு பொருள்

ஃபில்டர் என்றால் அழுக்கைப் பிடிக்கும் சல்லடை என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மீதமான தீனியும் கழிவும் அழுகினால் இன்னும் சேரும். ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சு, செராமிக் ரிங் போன்றவற்றை மொத்தமாக 'மீடியா' என்பார்கள். அதன் மேல் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள்தான் அந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது ஓரளவு வரை பரவாயில்லை, தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும்.

இரண்டாவது கட்டத்தைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் பழைய மீன்வளர்ப்புப் புத்தகங்கள் எழுதின. 1998-ல் டிமோதி ஹோவனெக்கும் சக ஆய்வாளர்களும் மீன்தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற வேறு இனம் என்று காட்டினார்கள். 2015-ல் இன்னொரு ஆச்சரியம்: இரண்டு கட்டங்களையும் ஒரே நுண்ணுயிர் செய்து முடிக்கும் என்று 'நேச்சர்' இதழில் கட்டுரைகள் வந்தன. அதில் ஒரு குழுவுக்கு அந்த நுண்ணுயிர் கிடைத்தது மீன் வளர்ப்புப் பண்ணையின் ஃபில்டரில்தான்.

இவை மெதுவாகப் பெருகுபவை. புது ஃபில்டர் ஒன்றில் இந்தக் கூட்டம் முழுதாக உருவாக பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். புதுத் தொட்டி வாங்கிய முதல் மாதத்தில் மீன் சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கடைக்காரர் மேல் பழி போடுவோம், மீன் சரியில்லை என்போம். உண்மையில் ஃபில்டர் இன்னும் பிறக்கவே இல்லை.

நம் பக்கத்து போர் தண்ணீர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அம்மோனியாவில் நச்சுத்தன்மை கூடிய வடிவம் எத்தனை சதவீதம் என்பது தண்ணீரின் பிஎச் அளவைப் பொறுத்தது. 28 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் அது 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் கிட்டத்தட்ட 6.5 சதவீதம். அதாவது அதே அம்மோனியா, சுமார் பத்து மடங்கு விஷம். உப்புப் படியும் கடினமான போர் தண்ணீரில் பிஎச் பெரும்பாலும் 7-க்கு மேல்தான் நிற்கும் என்பதால், ஃபில்டர் 'பழகியதா' இல்லையா என்பது நமக்கு இன்னும் முக்கியம்.

ஆக, செகண்ட் ஹேண்டில் நீங்கள் வாங்குவது ஒரு மோட்டார், கூடவே ஒரு உயிர்க்கூட்டம். மோட்டாரைப் பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். உயிர்க்கூட்டத்துக்கு ஒரே சாட்சி, விற்பவரின் தொட்டியில் நீந்தும் மீன்தான்.

'சேப்பலு பாகுன்னாயா?'

சித்தூரில் தமிழில் ஆரம்பித்தாலும் பேரம் தெலுங்கில் முடிவது சகஜம் என்பதால் அந்தக் கேள்வியை அப்படியே தருகிறேன். மீனெல்லாம் நல்லா இருக்கா? அடுத்தது, 'எந்துக்கு அம்முதுன்னாரு?' ஏன் விற்கிறீங்க? இந்த இரண்டு கேள்விக்கும் வரும் பதில் பொருந்த வேண்டும். "ஊர் மாறுகிறேன், மீனை நண்பருக்குக் கொடுத்துட்டேன்" என்றால் சரி. "நேரமில்லை" என்று இழுத்தால், கடைசி மீன் எப்போது இருந்தது, கடைசியாக என்ன மருந்து போட்டீர்கள் என்று மேலே கேளுங்கள்.

முடிந்தால் தொட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்ப் பாருங்கள். மீன் உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி இருக்கிறதா, கல்லில் உரசிக்கொள்கிறதா, வாய்ப்பகுதி தண்ணீர் மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்குகிறதா, வயிறு ஒட்டி முதுகு வளைந்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மோட்டாரை மட்டும் வாங்குங்கள், உள்ளே இருக்கும் மீடியாவை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மருந்து பற்றிக் கேட்பதற்கு இன்னொரு காரணம் செம்பு. வெள்ளைப் புள்ளி போன்ற ஒட்டுண்ணிகளுக்குச் செம்பு கலந்த மருந்துகள் உண்டு. இறால், நத்தை வளர்ப்பவர்களுக்குச் செம்பு எமன். மீடியாவிலும் அதன் மேல் படிந்த சுண்ணாம்பிலும் அது தங்கி, பிறகு மெல்ல வெளியே வரலாம். இறால் தொட்டி வைத்திருப்பவர் பழைய மீடியாவைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஈரமான மீடியாவுக்கு ஆயுள் எவ்வளவு?

"மீடியாவோட தர்றேன் சார், பாக்டீரியா ரெடியா இருக்கு" என்று சொல்லி விலையை ஏற்றுபவர்கள் உண்டு. அந்தக் கூடுதல் விலை நியாயமா என்பதை ஒரு விஷயம் முடிவு செய்யும்: ஃபில்டர் நின்று எவ்வளவு நேரமாச்சு?

தண்ணீர் ஓடாமல் மூடிக் கிடக்கும் கேனிஸ்டருக்குள் இருக்கும் ஆக்சிஜனை அங்குள்ள நுண்ணுயிர்களே சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். வெயில் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 35 டிகிரியில் சுமார் 7 தான். திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் கதை முடிந்தது. போன வாரம் கழற்றி லாஃப்டில் வைத்தது, காய்ந்துபோனது, குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவி வைத்தது ஆகிய மூன்றிலும் பாக்டீரியாவுக்கென்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டியதில்லை. நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். கிருமியைக் கொல்வதற்காகப் போடப்படுவது நல்ல கிருமியை விட்டுவைக்காது.

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர், பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். கழற்றிய உடனே மீடியாவை வெளியே எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் கொஞ்சம் ஊற்றிய பெரிய டப்பாவில், முழுக்க மூழ்காமல் காற்றுப்பட வைத்து, வெயில் படாமல் கொண்டுவந்தால் இந்தத் தூரம் பிரச்சினையே இல்லை. மே மாத மதியத்தில் கார் டிக்கியில் வைத்து, வழியில் காணிப்பாக்கம் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வருவதாக இருந்தால் வேறு விஷயம்.

புதுத் தொட்டி, காலியாக இருக்கிறது, விற்பவரின் மீன்கள் ஆரோக்கியமாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள் என்றால் ஈரமான மீடியாவை எடுங்கள். உங்களுக்கு ஒரு மாதம் மிச்சம். ஏற்கெனவே வீட்டில் நல்ல மீன்கள் ஓடும் தொட்டி இருக்கிறதென்றால் எடுக்க வேண்டாம். கிடைக்கும் லாபம் சின்னது, வரக்கூடிய நோய் பெரிது.

மோட்டாரைச் சோதிக்க ஒரு கேன் போதும்

பெட்டியில் 'மணிக்கு 1,000 லிட்டர்' என்று அச்சிட்டிருப்பார்கள். மீடியா எதுவும் இல்லாமல், தண்ணீரை மேலே ஏற்றாமல் அளந்த எண் அது. வீட்டில் அது ஒருபோதும் கிடைக்காது. உண்மையான எண்ணை நீங்களே எடுக்கலாம். தொட்டி ஓடும்போது, தண்ணீர் வெளியே வரும் குழாயை 20 லிட்டர் குடிநீர் கேனுக்குள் விட்டு, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் பாருங்கள். 72,000-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 120 விநாடி ஆனால் 600 லிட்டர். 180 ஆனால் 400.

உங்கள் தொட்டிக்கு எவ்வளவு வேண்டும்? ஒரு கன அடி 28.3 லிட்டர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி சுமார் 57 லிட்டர். மூன்றடி, ஒன்றரை, ஒன்றரை என்றால் 191 லிட்டர், கல்லும் மேலே விடும் இடமும் போக 160. மணிக்கு நான்கைந்து முறை தண்ணீர் சுற்றினால் போதும் என்பது வழக்கமான அளவு. சின்னத் தொட்டிக்கு 230 முதல் 280, பெரியதற்கு 640 முதல் 800. பெட்டியில் போட்ட எண்ணில் பாதி வந்தால் கவலைப்படாதீர்கள், மீடியா அழுக்காக இருக்கலாம். மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை என்றால் இம்பெல்லரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

இம்பெல்லர் என்பது காந்தத்தோடு சேர்ந்த சின்ன விசிறி, உள்ளே ஒரு மெல்லிய தண்டில் சுழலும். நம் ஊர்த் தண்ணீரில் அதன் மேல் சுண்ணாம்பு ஏறும். அதை வினிகரில் ஊறவைத்தால் போகும். தண்டு தேய்ந்து ஆடினாலோ, காந்தம் வீங்கி உரசினாலோ மாற்றத்தான் வேண்டும். 'கடகட' சத்தம் இதன் அடையாளம். அந்த மாடலுக்கு இம்பெல்லரும் ஓ-ரிங்கும் சென்னை குளத்தூரிலோ ஆன்லைனிலோ தனியாகக் கிடைக்கிறதா என்று கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள். ஈஹெய்ம், ஃப்ளூவல், சன்சன் போன்ற பெயருள்ள மாடல்களுக்கு உதிரி தேடலாம். பெயரே தெரியாத ஒன்றுக்கு 200 ரூபாய் உதிரி கிடைக்காமல் முழு ஃபில்டரையும் தூக்கிப்போட வேண்டிவரும்.

பிறகு ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போடுங்கள், ஐந்து முறை. தேய்ந்த மோட்டார்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒழுங்காக இருக்கும், நின்றால் மறுபடி கிளம்பாது, உறுமிக்கொண்டே நிற்கும். கரண்ட் போய் வரும் ஊரில், நீங்கள் ஆபீஸில் இருக்கும் நேரத்தில் இது நடந்தால் மாலையில்தான் தெரியும். என்னைக் கேட்டால் மற்ற எல்லாச் சோதனைகளையும்விட இதுதான் முக்கியம்.

கேனிஸ்டர் என்றால் மூடியின் ஓ-ரிங்கைத் தடவிப் பாருங்கள். தட்டையாகி வெடிப்பு விழுந்திருந்தால் ஒழுகும். வீட்டுக்கு வந்ததும் முதல் இரவு முழுக்க ஒரு தட்டில் காகிதம் விரித்து அதன் மேல் வைத்து ஓடவிடுங்கள். ரிங்குக்கு சிலிக்கோன் கிரீஸ் தடவுவது நல்லது. வாசலின் வேண்டாம், சில வகை ரப்பரை அது ஊதவைத்துவிடும்.

தண்ணீரும் 230 வோல்ட்டும்

மோட்டார் தண்ணீருக்குள் இருக்கும் வகைகளில் வயர்தான் உயிர். எங்கேயாவது வெட்டி ஒட்டி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். மோட்டாரின் பிளாஸ்டிக் கூட்டில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அதேதான். சோதிக்கும்போது ஓடும் ஃபில்டர் இருக்கும் தண்ணீரில் கை விடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடுங்கள். வீட்டு இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். வயர் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலே ஏறும்படி வைத்தால், வழியும் தண்ணீர் சாக்கெட்டுக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும்.

அமெரிக்காவிலிருந்து திரும்பியவர்கள் விற்கும் 'இம்போர்ட்டட்' ஃபில்டரில் ஒரு பொறி இருக்கிறது. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230, 50. நேராகச் சொருகினால் எரிந்துபோகும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. இந்த வகை மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது என்பதால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் ஓடும், சூடும் ஏறலாம். லேபிளைப் படித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

மலிவான ஃபில்டரின் மாதச் செலவு

ஃபில்டர் 24 மணி நேரமும் ஓட வேண்டிய பொருள். 35 வாட் என்றால் வருடத்துக்கு 307 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்தால் 1,840 ரூபாய். 18 வாட் என்றால் 946. 8 வாட் ஓடும் ஈஹெய்ம் 2213 போன்ற பழைய மாடலுக்கு 420 ரூபாய்தான். 3 வாட் ஏர் பம்பில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்சு ஃபில்டருக்கு 158. ஆந்திராவில் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் கூடும் என்பதால், ஏசி ஓடும் மாதங்களில் உங்கள் கணக்கு இதைவிட அதிகமாக வரும். 500 ரூபாய் குறைவு என்று அதிக வாட் ஃபில்டரை எடுத்தால் அந்த லாபம் ஒரு வருடத்துக்குள் மின் கட்டணத்தில் போய்விடும். இரண்டடித் தொட்டிக்கு கேனிஸ்டரே தேவையில்லை, புதிய ஸ்பாஞ்சு ஃபில்டரே போதும் என்று சொன்னால் விற்பவர்களுக்குக் கோபம் வரும், ஆனால் அதுதான் நிஜம்.

வீட்டுக்கு வந்ததும்

சந்தேகமான இடத்திலிருந்து வந்த ஃபில்டர் என்றால் பழைய ஸ்பாஞ்சு, கார்பன் இரண்டையும் குப்பையில் போடுங்கள். கார்பன் எப்படியும் தீர்ந்திருக்கும். பிளாஸ்டிக் பாகங்களை வாசனை சேர்க்காத பிளீச் 1 பங்கு, தண்ணீர் 19 பங்கு கலந்து 10 முதல் 15 நிமிடம் ஊறவையுங்கள். பிறகு பலமுறை கழுவி, அக்வேரியம் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் போட்ட தண்ணீரில் முக்கி, சில நாள் நன்றாகக் காயவிடுங்கள். வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணியின் நீந்தும் பருவம் மீன் கிடைக்காவிட்டால் ஓரிரு நாளில் செத்துவிடும், காய்ந்த இடத்தில் வாழாது. சுண்ணாம்பு போக வினிகர் போடுபவர்கள் அதை வேறொரு நாளில் செய்யுங்கள். பிளீச்சும் வினிகரும் கலந்தால் குளோரின் வாயு வரும், குளியலறைக்குள் அது ஆபத்து.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி 1926-ல் ஃபிலடெல்ஃபியாவில் இறந்த மீன்களிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. காயத்தின் வழியாக மனிதருக்கும் வரும். சுமார் 30 டிகிரியில் நன்றாக வளர்வதால் உடலின் குளிர்ந்த பகுதியான கை, விரல்களில்தான் பெரும்பாலும் ஆறாத கட்டியாகத் தெரியும். அப்படி ஏதாவது வந்து மருத்துவரிடம் போனால் மீன்தொட்டி கழுவியதை மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்ற வாய்ப்பே இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை, ஓடிக் காட்டிய பிறகு கொடுங்கள். 'அட்வான்ஸ் அனுப்புங்க, பார்சல் போடுறேன்' என்பது வேண்டாம். நீங்கள் விற்பவராக இருந்தால், பணம் வாங்குவதற்கு க்யூஆர் ஸ்கேனும் யுபிஐ பின்னும் ஒருபோதும் தேவையில்லை என்பதை நினைவில் வையுங்கள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, அந்த வகைப் பொருளையே வியாபாரமாக விற்கும் கடைக்காரரிடம் உங்கள் தேவையைச் சொல்லி, அவரை நம்பி வாங்கினால் அதற்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தானாகவே உண்டு. தன் பழைய சாமானை விற்கும் தனிநபரிடம் வாங்கும்போது அந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். அதனால்தான் ஐந்து முறை ஸ்விட்ச் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

ஈரமான மீடியாவோடு கொண்டுவந்திருந்தால் அன்றே ஓடவிடுங்கள், ஓரிரு மீன்களோடு தொடங்குங்கள். விற்பவரின் தொட்டியில் பத்து மீனுக்குப் பழகிய கூட்டம் பயணத்தில் பாதி செத்திருக்கலாம். முதல் இரண்டு வாரம் இரண்டு நாளுக்கு ஒருமுறை அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். இரண்டும் பூஜ்யம் என்றால் அடுத்த மீன் விடலாம். 0.5 பிபிஎம் காட்டினால் தீனியைக் குறைத்து, குளோரின் நீக்கிய தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கு மாற்றிவிட்டு, மறுநாள் மறுபடி பாருங்கள்.